சந்தியோகு போட்ட பிடில்

நெடுந்தீவில் ஒருவர் செத்துப்போனால் அதை ஊருக்கு முதலில் சொல்வது கோயில் மணி அல்ல. கைத்தொலைபேசியும் அல்ல, காற்று நல்ல குணத்தில் இருக்கும் நாளில்தான் அது அங்கே வேலை செய்யும். முதலில் சொல்வது சந்தியோகுவின் லவுட்ஸ்பீக்கர். மணியடிக்கிற கோயில் ஊழியன் சங்கிலித்தாம் சோம்பல் முறித்து, சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்து சேருவதற்கிடையில், சந்தியோகு செத்தவீட்டு வேம்பில் குழாயைக் கட்டி, சீடியை உள்ளே தள்ளி, ஐந்தாவது உருப்படியை அமத்திவிடுவார். பிறகு தீவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை, போய்ச் சேர்ந்தது யார் என்ற ஒரே கேள்விதான்.

"பிடில் கேக்குது. ஆர் போட்டினம்?"

அந்தச் சீடி ஒன்றும் சாவுக்காகச் செய்யப்பட்டதல்ல. சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு காலத்தில், குடிதண்ணீர்த் திட்டம் என்று வந்த வெள்ளைக்காரர் ஒருவர் சந்தியோகுவின் வீட்டு முன்னறையில் சில மாதங்கள் தங்கியிருந்தார். தண்ணீர் வரவில்லை. போகும்போது அவர், இவரும் பாட்டுப் போடுகிற மனுசன்தானே என்று நினைத்தோ என்னவோ, அந்தச் சீடியைக் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனார். மட்டையில் ஒரு பிடிலின் படமும், எப்போதோ செத்துப்போன மூன்று வெள்ளைக்காரரின் பெயர்களும் இருந்தன. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அதை வாங்கி, "புகழ்பெற்ற வயலின் கொன்சேர்ட்டோக்கள்" என்று வாசித்துச் சொன்னார். கொன்சேர்ட்டோ என்றால் என்ன என்று கேட்டதற்கு, தனிப் பிடில் ஒன்று ஒரு பெரிய வாத்தியக் கூட்டத்தோடு மல்லுக்கட்டுவது என்று விளக்கம் கொடுத்தார்.

"கடைசியில ஆர் வெல்லுறது?" என்று சந்தியோகுவின் மனைவி அஞ்சலா குசினிக்குள் நின்று கேட்டாள்.

வாத்தியாருக்கு அது தெரியாது. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்காத விசயம்.

சந்தியோகு அந்தச் சீடியைத் தனியே இருந்து கேட்டுக் கேட்டுத் தன்பாட்டில் ஒரு கணக்குப் பிடித்துக்கொண்டார். ஒன்பது உருப்படி. மும்மூன்றாக ஒரு குடும்பம். ஒவ்வொரு குடும்பத்திலும் மூத்தது வாதாடும், நடுவிலான் அழும், கடைக்குட்டி ஓடிப்பிடித்து விளையாடும். மூன்றாவது உருப்படி, அதாவது முதல் குடும்பத்துக் கடைக்குட்டி, அவருக்கு உயிர். பின்னேரங்களில் சத்தத்தைக் குறைத்து அதைப் போட்டுவிட்டு விறாந்தையில் இருப்பார். அஞ்சலா அரிசி புடைக்கும் சுளகில் அந்தப் பிடிலின் வேகம் ஏறிவிடும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. பிள்ளையில்லாத வீட்டில் அந்தச் சத்தம் இருந்தது நல்லதாகத்தான் இருந்தது.

ஐந்தாவது உருப்படி சாவுக்குப் போனது தற்செயல். மீன்பிடிக்கப் போய்த் திரும்பாத ஒருவரின் உடல் கரையொதுங்கிய அன்று, வழமையாகப் போடும் நாதஸ்வரக் கசெற் நாடா சிக்கிக் கூழாகிவிட்டது. செத்தவீட்டில் லவுட்ஸ்பீக்கர் சும்மா இருக்கக்கூடாது. கையில் கிடைத்த சீடியைத் தள்ளி, அழுகிற ஒன்றாகப் பார்த்து ஐந்தாவதைப் போட்டார். சொல்லி வைத்தாற்போல் வளவு முழுக்க அழுதது. அழாமல் விறைத்துப்போயிருந்த அந்த மனுசனின் தாய் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அதற்குப் பிறகு தீவில் பிடில் இல்லாமல் ஒரு செத்தவீடும் இல்லை. நோயாளி ஒருவர் தப்பமாட்டார் என்பதைச் சொல்ல, "பிடிலுக்குச் சொல்லி வையுங்கோ" என்பார்கள். புருசனோடு கோபித்த பெண்சாதி, "எனக்குப் பிடில் போடேக்கதான் உமக்கு என்ர அருமை தெரியும்" என்பாள். நாடகம் கூத்துக்குக் குழாய் கட்டிக் கிடைக்காத புகழ் சந்தியோகுவுக்கு இப்படி வந்தது.

வந்த புகழோடு பேசாமல் இருந்திருக்கலாம். மனுசனுக்கு ஆசை.

அஞ்சலாவுக்கு ஒரேயொரு உடன்பிறப்பு, அண்ணன் மரியமுத்து. தெற்குக் கரைப் பக்கம் பட்டி மாடு வைத்திருந்தவர். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துக் காய்ச்சலில் போனபோது அஞ்சலா பால் மறக்காத குழந்தை. மரியமுத்துதான் தோளில் போட்டு வளர்த்தார். மாடு மேய்க்கப் போனாலும் தோளில் தங்கச்சி இருக்கும். "குஞ்சு" என்றுதான் கூப்பிடுவார். கலியாணமாகி நரைத்த பிறகும் அப்படித்தான். மனைவியையும் இடையில் இழந்த அவருக்கு ஒரே மகள், தயானி.

ஒன்பது வருடத்துக்கு முன்னர் தயானியின் கலியாணம் வந்தது. ஊரெல்லாம் போட்டுத் தேய்ந்த சினிமாப் பாட்டைத் தன் மருமகளின் பந்தலிலும் போடச் சந்தியோகுவுக்கு மனம் வரவில்லை. கோயிலில் தாலி கட்டி முடிந்து பொம்பிளை மாப்பிளை பந்தலுக்குள் வரும்போது, தன் ஆசை உருப்படியான மூன்றாவதைப் போட்டார். நன்றாகத்தான் இருந்தது. சின்னஞ்சிறுசுகள் துள்ளின. மாப்பிளை வீட்டுக்காரர், "உதென்ன பாட்டு, புதுசாக் கிடக்கு" என்று விசாரித்தார்கள். சந்தியோகுவின் நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றது. அந்த நேரம் பார்த்துப் பந்திக்கு வரச்சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தார்கள். போய் இருந்தார்.

சீடிக்குத் தெரியுமா, இவர் சாப்பிடுகிறார் என்று? மூன்றாவது முடிந்து நாலாவது வந்தது. அது வாதாடுகிற மூத்தது. பந்தல் இரைச்சலில் ஒருவரும் கவனிக்கவில்லை. சந்தியோகு கத்தரிக்காய்க் குழம்புக்கு இரண்டாம் முறை கை காட்டிக்கொண்டிருந்தார். அப்போது ஐந்தாவது வந்தது.

முதலில் பந்தி ஓய்ந்தது. பிறகு பந்தல். கேக்கில் கத்தியை வைத்தபடி தயானி நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த ஒழுங்கையிலிருந்து, கலியாணத்துக்குச் சொல்லாத வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, "ஐயோ, ஆர் போட்டினம்?" என்று ஓடிவந்து, சோடித்த வாழைமரத்தடியில் திகைத்து நின்றார்கள். சந்தியோகு சாப்பிட்ட கையோடு ஓடினார். அமத்திய பொத்தானில் குழம்பு பட்டது.

மரியமுத்து அன்று வந்தவர்களுக்குச் சிரித்தமுகமாகவே சாப்பாடு போட்டு அனுப்பினார்.

மறு வருடம் தயானி பிள்ளைத்தாய்ச்சி. வாடைக்காற்று மாதம். நோக்காடு கண்டது கடல் பொங்கிய நாளில். இறங்குதுறையில் படகுகள் கட்டிப்போட்டபடி கிடந்தன. எந்த ஓட்டியாலும் அந்தக் கடலில் இறங்க ஏலாது. காற்று அடங்கியபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. கடலைக் குறை சொல்லி என்ன காண்பது? அது வந்து பதில் சொல்லாது. மனுசனுக்குக் குறை சொல்ல ஒரு மனுசன் வேண்டும். மரியமுத்து வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை, ஊர் சொன்னது. கலியாணப் பந்தலிலேயே பிடில் போட்ட பிள்ளை எப்படித் தப்பும் என்று கிணற்றடியில் சொன்னது, கோயில் வாசலில் சொன்னது. சந்தியோகுவும் அஞ்சலாவும் செத்தவீட்டுக்குப் போய் மூலையில் இருந்து அழுதுவிட்டு வந்தார்கள். மரியமுத்து அவர்கள் இருந்த பக்கம் திரும்பவில்லை. அன்றோடு பேச்சு முடிந்தது. தங்கச்சி, குஞ்சு எல்லாம் முடிந்தது.

சீடி ஒரு பிள்ளையைக் கொல்லுமா என்று சந்தியோகு பகலில் தன்னைத்தானே கேட்டுச் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பு அவருக்கே பிடிக்காது. மூன்றாவதை அதற்குப் பிறகு வீட்டில் போட்டதில்லை.

இப்போது அஞ்சலாவுக்கு வயிற்றில் புற்றுநோய். யாழ்ப்பாணத்தில் செய்யக்கூடியதெல்லாம் செய்து பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்திருப்பதுதான் நல்லது என்று சொல்லிவிட்டார்கள். படகில் பலகை போட்டுக் கிடத்திக் கொண்டுவந்தார் சந்தியோகு. வரும் வழி முழுவதும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணைக்குச் சொல்லி விட்டனீங்களோ?"

சொல்லிவிட்டார். முதலில் வேதக்கோயில் சுவாமியார் போனார். மரியமுத்து சுவாமியாருக்குப் பால் கொடுத்து, கதிரை போட்டு, மழை பற்றிப் பேசி அனுப்பிவிட்டார். பிறகு பக்கத்து வளவுப் பிலோமினா போனாள். அவளுக்குப் பாலும் கிடைக்கவில்லை. கடைசியில் சந்தியோகுவே சைக்கிளை எடுத்தார்.

மரியமுத்து பட்டியடியில் பசுவொன்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றார். சந்தியோகு கல்வேலிக்கு வெளியே நின்று அவருடைய முதுகோடு பேசினார்.

"மச்சான், அஞ்சலாவுக்கு ஏலாது. கன நாளைக்குத் தாங்காது எண்டு சொல்லிப்போட்டினம்."

மரியமுத்து பசுவின் கழுத்தைத் தடவினார். "நீ குடி. வேலிக்கரையில ஆக்கள் வந்து நிண்டு கதைப்பினம். நீ குடி" என்றார்.

"உங்களை ஒருக்காப் பாக்கோணுமெண்டு கேட்டுக்கொண்டே கிடக்கிறாள். என்னோட கதைக்க வேண்டாம். நான் வெளியில போய் நிக்கிறன். அவளை ஒருக்கா வந்து பாருங்கோ."

"உனக்குக் கண்டு பக்கத்தில நிக்குது" என்று மரியமுத்து பசுவுக்குச் சொன்னார். "உனக்கு உது விளங்காது."

கன்று உண்மையில் பசுவின் பக்கத்தில்தான் நின்றது. சந்தியோகு இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பசு குடித்து முடித்தது. மரியமுத்து வாளியைக் கவிழ்த்துவிட்டுக் கொட்டிலுக்குள் போய்விட்டார்.

வெயிலில் அத்தனை தூரம் உழக்கி வந்த கோபம், வீட்டுப் படலைக்குள் நுழைந்தபோது வாய்க்கு வந்துவிட்டது. "அந்தாள் வராது. நீ செத்தால்தான் வரும்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன செய்வது? அஞ்சலா அழவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு எதையோ கணக்குப் போடுகிறவள் மாதிரிக் கிடந்தாள். சந்தியோகுவுக்கு அவளுடைய அந்தப் பார்வையைத் தெரியும். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்தப் பார்வைக்குப் பிறகு அவர் ஏதாவது ஒரு வேலை செய்யவேண்டி வந்திருக்கிறது.

மறுநாள் காலை கஞ்சி பருக்கும்போது அவள் சொன்னாள்:

"அப்ப பிடிலைப் போடுங்கோ."

"என்ன?"

"ஐஞ்சாவதைப் போடுங்கோ. செத்தால் வருவார் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

சந்தியோகு கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தார். மருந்துக்கு மூளை கலங்கும் என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். ஆனால் அவளுடைய கண் தெளிவாகத்தான் இருந்தது.

"உனக்கென்ன விசரே? உயிரோட இருக்கிற ஆளுக்கு..."  அந்த வசனத்தை முடித்தால் தயானியின் பெயர் வந்துவிடும்.

"பேச்சுப்பறைச்சல் இல்லாதவையும் செத்தவீட்டுக்கு வருவினம். எல்லைவேலிக்கு வழக்குப் பேசுறவையும் வந்து, ஒருக்கா அழுது, முகம் பாத்திட்டுப் போவினம். அதுதானே எங்கட ஊர்முறை. அண்ணை முறை தவறமாட்டார்."

"அது செத்தாப்பிறகு."

"செத்தாப்பிறகு அவர் வந்து அழுது எனக்கென்ன பிரயோசனம்? நான் பாப்பனோ? அவர் எப்பிடியும் வாற வரவைக் கொஞ்சம் முந்தி வரச்சொல்லிக் கேக்கிறன். வேற என்ன கேட்டனான்?"

"ஊர் என்னைக் காறித் துப்பும்."

"துப்பட்டும். நான் இருக்கேக்க துப்பினால் நான் பதில் சொல்லுவன். நான் போனாப்பிறகு துப்பினால்தான் நீங்கள் தனிய நிண்டு கேக்கோணும்."

சந்தியோகு எழுந்து கிணற்றடிக்குப் போனார். முகம் கழுவினார். திரும்பவும் கழுவினார். அவருக்குப் பயமாக இருந்தது. ஒருமுறை தெரியாமல் செய்ததை இப்போது தெரிந்துகொண்டு செய்வதா? செய்யாமல் விட்டால், இந்த மனுசி அண்ணனைக் காணாமல் கண்ணை மூடுவாள். அதற்கும் காரணம் தான்தான். கத்தரிக்காய்க் குழம்புக்கு இரண்டாம் முறை கை காட்டாமல் இருந்திருந்தால் இன்றைக்கு மரியமுத்து இந்தக் கட்டிலடியில் இருந்திருப்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் குழம்பு வந்து நின்றது.

உள்ளே போனார். "எந்தச் சீலை?" என்று கேட்டார்.

அவளுக்கு நல்ல சீலை உடுத்தி, தலை இழுத்து, கட்டிலை விறாந்தைக்குக் கொண்டுவந்து, படலை தெரிகிற மாதிரித் திருப்பி, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்த்துவிட்டார். பிறகு ஏணியை எடுத்து வேம்பில் சாத்தினார். எத்தனையோ வீட்டு மரங்களில் கட்டிய குழாய். தன் வீட்டு மரத்தில் கட்டுவது இதுதான் முதல் தரம். வாயைத் தெற்கே திருப்பி வைத்தார். இறங்கி வந்து அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

ஐந்தாவதை அமத்தினார்.

முதலில் வாத்தியங்கள் மெல்ல நிலம் விரித்தன. பிறகு அந்த ஒற்றைப் பிடில் வந்தது. வேறு யாருடைய வீட்டுச் சாவுக்கோ என்று இத்தனை காலம் கேட்டதைச் சந்தியோகு அன்றைக்குத்தான் தன் வீட்டுச் சாவாகக் கேட்டார். குசினிக்குள் ஒரு பெண் ஒருவருக்கும் தெரியாமல் அழுகிற மாதிரி இருந்தது. படியில் இருந்துவிட்டார். தன் பெண்சாதி தனக்குப் பின்னால் உயிரோடு சாய்ந்திருக்க, அவளுக்காக அவர் அழுதார். இதைவிட மோசமான நேரம் இனி வராது என்று நினைத்துக்கொண்டார்.

முதலில் வந்தது பிலோமினா. ஒழுங்கையிலிருந்தே, "என்ர அக்கா, என்னை விட்டிட்டுப் போனியோ" என்று குரல் வைத்தபடி படலையைத் தள்ளினாள். கட்டிலைப் பார்த்தாள். வைத்த குரல் அந்தரத்தில் நின்றது.

"அக்கா, நீங்கள் இருக்கிறியள்."

"ஓம், இருக்கிறன். நீயும் இரு" என்றாள் அஞ்சலா.

பிறகு ஊர் வந்தது. சைக்கிளில் வந்தார்கள், நடந்து வந்தார்கள், லான்ட்மாஸ்ரர் உழவுயந்திரப் பெட்டியில் ஏறி வந்தார்கள். ஒவ்வொருவரும் படலைவரை அழுதுகொண்டு வந்து, உள்ளே கண்டதும் வாயைப் பொத்தினார்கள். சிலருக்குச் சிரிப்பு வந்தது, சிலருக்குக் கோபம். கோயில் மூப்பர் சந்தியோகுவை வேம்படிக்குக் கூப்பிட்டு, "உமக்கு மூளை பிசகிப்போச்சோ? இனி உம்மட பிடிலை இந்தத் தீவில ஆர் நம்பப்போகினம்?" என்று பல்லைக் கடித்தார். ஆனால் விசயம் என்னவென்று பிலோமினா காதோடு காதாகச் சொன்னதும் ஒருவரும் வீட்டுக்குத் திரும்பவில்லை. மூப்பரும் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். வளவு நிறையச் சனம் வாய் பேசாமல் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்தாவது முடிய முடிய, சந்தியோகு திரும்பத் திரும்ப அமத்தினார்.

அஞ்சலாவின் நெற்றி வியர்த்துக் கொட்டியது. நோவு வந்துவிட்டதென்று சந்தியோகுவுக்குத் தெரிந்தது. "கொஞ்சம் படுக்கிறியோ?" என்று கேட்டார்.

"வேண்டாம். படுத்தால் செத்தமாதிரி இருக்கும். அவர் பயந்துபோவார்."

ஒழுங்கை முடக்கில் சைக்கிள் ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மரியமுத்துவின் குரல் கேட்டது.

"என்ர குஞ்சு... என்ர குஞ்சு... நான் வராமல் இருந்திட்டனே..."

எழுபது தாண்டிய மனுசன், சாரத்தை மடித்துக் கட்டியபடி, செருப்பில்லாமல், சேட்டுப் பொத்தான் ஒன்றுக்கொன்று மாறிப் பூட்டியிருக்க, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். வளவு எழும்பி வழி விட்டது. அந்த அழுகையைக் கேட்ட ஒருவருக்கும் கண் காயவில்லை. எட்டு வருடமாக அடைத்து வைத்ததெல்லாம் அதில் இருந்தது. சந்தியோகு கட்டிலடியில் நின்று பார்த்தார். வந்துவிட்டார், இனி எல்லாம் சரி என்று அந்த ஒரு கணம் அவர் முழுதாக நம்பினார்.

மரியமுத்து படலைக்கு வந்தார். ஒரு காலை உள்ளே வைத்தார். பார்த்தார்.

அஞ்சலா தலையணையில் சாய்ந்தபடி சிரித்தாள். கையைத் தூக்கினாள். அவள் வாய், "அண்ணை" என்றது.

அழுகை நின்றது. முகத்தைத் துடைக்காமல் அவர் அப்படியே நின்றார். தங்கச்சியைப் பார்த்தார், கூடியிருந்த சனத்தைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து வேம்பில் இருந்த குழாயைப் பார்த்தார். அது தன்பாட்டில் அழுதுகொண்டிருந்தது. நிறுத்தவேண்டும் என்று சந்தியோகு உட்பட ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியாக அவர் சந்தியோகுவைப் பார்த்தார். எட்டு வருடத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பேசினார்.

"என்ர பிள்ளைக்கும் அவள் உயிரோட இருக்கேக்கதான் நீ போட்டனீ."

மரியமுத்து குழாயை நோக்கிக் கையை நீட்டினார். 

"இப்ப இவளுக்கும் போட்டிட்டாய்."

உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தார். திரும்பி நடந்தார். அஞ்சலா கட்டிலை விட்டு எழும்பப் பார்த்தாள். "அண்ணை, நான்தான் போடச் சொன்னனான். அவரில்லை, நான்தான். அண்ணை" என்று கத்தினாள். அவள் கத்தியது விறாந்தையில் நின்றவர்களுக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. இருந்த சத்தத்தையெல்லாம் நோய் தின்றுவிட்டது. மிச்சத்தைப் பிடில் மூடியது. சந்தியோகு விழுந்தடித்து ஓடிப்போய்ப் பொத்தானை அமத்தினார். வளவு ஓய்ந்தபோது படலை வெறுமையாகக் கிடந்தது. முடக்கில் சைக்கிளை நிமிர்த்தும் சத்தம் கேட்டது. அஞ்சலா திரும்பவும் கூப்பிடப் பார்த்தாள், குரல் வரவில்லை.

சனம் ஒவ்வொன்றாக எழும்பிப் போனது. செத்தவீட்டில் போகிற மாதிரி, போய்வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அஞ்சலா அதிகம் பேசவில்லை. கஞ்சி பருக்கினால் இரண்டு வாய் குடிப்பாள். படலைப் பக்கம் கட்டிலைத் திருப்பவா என்று கேட்டால் வேண்டாம் என்று தலையாட்டுவாள். ஒருநாள் மத்தியானம் சந்தியோகு விசிறிக்கொண்டிருந்தபோது கண்ணை மூடியபடி கேட்டாள்:

"அழுதுகொண்டுதானே வந்தவர்?"

"ஓம். முடக்கிலயிருந்தே அழுதுகொண்டு வந்தவர்."

"எனக்காகத்தான் அழுதவர், என்ன?"

"உனக்காகத்தான்."

"பிறகேன் போனவர்?"

சந்தியோகு விசிறிக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்விக்கு அவரிடம் இருந்த பதில் அவளிடம் சொல்லக்கூடியதல்ல. 

அந்தக் கிழமையே, பின்னேர வெயிலில், மூச்சு ஒருமுறை போய் வரவில்லை. சந்தியோகு குழாயைக் கட்டவில்லை. சங்கிலித்தாம் வந்து மணியடித்தான். மணி கேட்டும் ஊர் உடனே எழும்பவில்லை. உண்மைதானோ என்று பிலோமினாவுக்கு இரண்டு மூன்று பேர் போன் எடுத்து விசாரித்துவிட்டுத்தான் வந்தார்கள். அவர்களில் ஒருவரும் பெரிதாக அழவும் இல்லை. இருந்த அழுகையை முந்தியே படலையடியில் அழுது தீர்த்திருந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று, ஏற்கெனவே பார்த்துவிட்ட ஒன்றைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

மறுநாள் அடக்கம். பூசைக்கு முன் பெட்டியை மூடவேண்டும். கூடப்பிறந்தவன் முகம் பாராமல் மூட மனமில்லாமல் சுவாமியார் காத்திருந்தார். மணிச்சத்தம் தெற்குக் கரைக்கு எட்டியிராது என்று மூப்பரே மோட்டார் சைக்கிளில் போனார். வளவு திரும்பவும் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சந்தியோகு பெட்டியின் தலைமாட்டில் நின்று அவளுடைய முகத்தில் இருந்த ஈயைத் துரத்திக்கொண்டிருந்தார். வருவார், இந்த முறை எப்படியும் வருவார் என்று தனக்குள் சொன்னார். அவள் சொன்னதுதானே, அண்ணன் முறை தவறமாட்டார்.

மூப்பர் தனியாக வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சந்தியோகுவுக்குக் கிட்ட வந்து நின்றார்.

"கண்டனீங்களோ?" என்று சந்தியோகு கேட்டார்.

"கண்டனான். பட்டியடியிலதான் நிண்டவர்."

"என்னவாம்?"

மூப்பர் சுவாமியாரைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். "தான் செத்தவீட்டுக்கு வந்து, அழுது, முகமும் பாத்திட்டுப் போனவராம். ஒருத்திக்கு ரெண்டுதரம் வாற முறை இல்லையாம்."

சந்தியோகுவுக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டும் என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார். மரியமுத்து சொன்னதில் பிழை பிடிக்க அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. அஞ்சலாவுக்கென்று மிச்சமிருந்த ஒரேயொரு வரவை அவளும் அவருமாகச் சேர்ந்து முந்தியே எடுத்துச் செலவழித்துவிட்டார்கள்.

"இன்னும் கொஞ்ச நேரம் பாப்பமோ?" என்று சுவாமியார் மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம் சுவாமி" என்றார் சந்தியோகு. "இனி வர ஒருதரும் இல்லை. மூடுங்கோ."